தொடக்கத்திலேயே மேனுவல் மோடு தேவையா?

புதுக்கேமரா: எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவலில் எடுத்தால்தான் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள முடியும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். மூன்று மாதமாக அதிலேயே பழகுகிறேன். வீட்டுக்குள் ஓடி விளையாடும் மகளை 50 மி.மீ. லென்ஸில் அப்பர்சர் (லென்ஸ் திறப்பு) எஃப்/4, ஷட்டர் 1/30 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800 வைத்து எடுத்தால் முகம் கலங்கிவிடுகிறது. ஷட்டரை ஏற்றினால் படம் இருட்டாகிறது. ஆட்டோவுக்கே போய்விடலாமா?

பழையபிலிம்: போகாதீர்கள். ஓடும் குழந்தைக்கு 1/500 வேண்டும். 1/30-இலிருந்து அங்கே போனால் ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிடும், அதனால்தான் இருட்டு. எஃப்/4-ஐ எஃப்/2 ஆக்கித் திறப்பைப் பெரிதாக்கினால் நான்கு மடங்கு திரும்பக் கிடைக்கும். ஐஎஸ்ஓ 800-ஐ 3200 ஆக்கினால் மீதி நான்கு மடங்கு. கணக்கு நேராகிவிட்டது. இதைக் கையால் போட்டுப் பார்த்தவருக்குத்தான் மனதில் தங்கும். வெளிச்சம் அளக்கும் மீட்டர் ஓடாத பிலிம் கேமராவில்தான் நான் பழகினேன். நல்ல வெயிலில் எஃப்/16, ஐஎஸ்ஓ 100 பிலிம் என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/100. அந்த ஒரு விதியை வைத்தே வெளிச்சத்தை அளக்கக் கற்றேன்.

ஜன்னலோரம்: கணக்கு சரிதான் ஐயா, ஆனால் அதைப் போட்டு முடிப்பதற்குள் குழந்தை அடுத்த அறைக்குப் போய்விடும். ஷட்டரையும் அப்பர்சரையும் வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடட்டுமே. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். வெள்ளைச் சுவர் சட்டகத்தை நிறைத்தால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) +1 தள்ளினால் போதும். தோழி, முதலில் அறை விளக்கை அணைத்துவிட்டு மகளை ஜன்னல் பக்கம் விளையாட விடுங்கள்.

பழையபிலிம்: பின்னால் வெள்ளைத் திரை வரும்போது முகம் இருட்டு, கறுப்புச் சோபா வரும்போது முகம் வெளுப்பு. ஆட்டோவில் அதுதான் நடக்கும். வெளிச்சம் மாறாத இடத்தில் மேனுவலில் ஒருமுறை வைத்துவிட்டால் நூறு படத்திலும் முகம் ஒரே மாதிரி இருக்கும்.

ஜன்னலோரம்: மாறாத இடத்தில், ஒப்புக்கொள்கிறேன். மேடைக்கு நானும் மேனுவல்தான் வைப்பேன். ஆனால் ஒற்றை ஜன்னல் அறையில் குழந்தை நாலடி உள்ளே போனாலே வெளிச்சம் சட்டென்று விழுந்துவிடுகிறதே! இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இரண்டு ஆண்டுகள் மீட்டர் அளவைப் பார்த்தே படம் எடுத்தேன். இன்று திறந்து பார்த்தால் அளவெல்லாம் சரி. அம்மாவின் முகத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனித்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டு ஆண்டுகள் திரும்பக் கிடைக்காது.

புதுக்கேமரா: இன்று காலை ஜன்னலோரத்தில் 1/500, எஃப்/2, ஐஎஸ்ஓ ஆட்டோ. நாற்பதில் ஆறு படம் தெளிவு. கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் படிந்ததை முதல்முறையாகப் பார்த்தேன். ஆனால் பல படங்களில் காது கூர்மையாக இருக்கிறது, கண் மங்கல்.

பழையபிலிம்: ஐஎஸ்ஓவைக் கேமராவிடம் விட்டதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. காது பிரச்சினைக்குக் காரணம் வேறு: எஃப்/2-இல் கிட்டத்தில் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் மிகக் குறைவு. நகர்வதைப் பின்தொடரும் தொடர் ஃபோகஸை வைத்து, ஃபோகஸ் புள்ளியைக் கண்மேல் நிறுத்துங்கள், எஃப்/2.8-க்குப் போங்கள். ஐஎஸ்ஓ இரட்டிப்பாகிப் படத்தில் கொஞ்சம் மணல் போன்ற புள்ளிகள் தெரியும். தெரியட்டும்.