6 பட்டன், 6 குரல் பதிவு: எந்த சிப் எடுக்கலாம்?

பேச்சு வராத அக்கா மகனுக்காக ஒரு பெட்டி செய்கிறேன். 6 பட்டன்கள், ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி வரை வீட்டார் குரல். வாக்கியத்தை மாற்ற வேண்டுமென்றால் அக்காவே பெட்டியில் பேசிப் பதிய வேண்டும், கம்ப்யூட்டர் கூடாது. போன மாதம் தொடங்கியது, சிப் தேர்விலேயே நிற்கிறது.

முதலில் ஐஎஸ்டி1820, குரலைப் பதிந்து ஒலிக்கும் சிப். மலிவு, எளிது, ஆனால் ஒரே ஒரு பதிவுதான். 100 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 10 விநாடி கிடைக்கிறது. ஆசைப்பட்டு 200 கிலோ ஓம் போட்டேன்: நேரம் 20 விநாடியானது, சாம்பிளிங் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) 6.4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 3.2-க்கு இறங்கியது. 'ஸ்கூல்' என்று பதிந்தால் 'கூல்' என்றுதான் கேட்கிறது! ஆறு மாட்யூலை அடுக்கலாம்தான், ஆனால் ஆறு மைக்கோடு அது பெட்டியா, பெட்டகமா?

அப்புறம் டிஎஃப்பிளேயர் மினி, மெமரி கார்டிலிருந்து ஒலிக்கும் சின்ன மாட்யூல். ஆர்டுயினோ நானோ என்ற குட்டி கட்டுப்பாட்டு போர்டோடு இணைத்தேன், ஒலி அருமை. ஆனால் அது கார்டில் உள்ளதை ஒலிக்க மட்டுமே செய்யும், பதியாது.

இப்போது கண் ஐஎஸ்டி1760 மேல், இதுவும் குரல் பதியும் சிப்தான். 8 கிலோஹெர்ட்ஸில் 60 விநாடி, தாராளம். தனியாக ஓட்டினால் பதிவுகள் வரிசையாகத்தான் வரும். எஸ்பிஐ (SPI, கட்டுப்பாட்டு போர்டு சிப்புக்குக் கட்டளை அனுப்பும் வயர் இணைப்பு) வழியாக முகவரி, அதாவது சிப்பின் நினைவகத்தில் பதிவு இருக்கும் இடத்தின் எண், கொடுத்தால் விரும்பியதை நேரடியாக ஒலிக்கலாம் என்கிறது டேட்டாஷீட். பழைய பதிவை அழித்து அதே இடத்தில் புதியதைப் பதியும் பகுதியில்தான் சிக்கல்: மூன்றாம் பட்டனில் பதிந்தால் நான்காவதின் முதல் எழுத்து விழுங்கப்படுகிறது. தொடக்க, முடிவு முகவரிகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டேன். மின்சாரம் மூன்று ஏஏ செல், 4.5 வோல்ட்.

இந்தத் தேவைக்கு ஐஎஸ்டி1760-ஐயே தொடரலாமா, இல்லை பட்டனுக்கு ஒரு பதிவு என்று நேரடியாகவே வேலை செய்யும் வேறு சிப் உண்டா?