டி-ஷர்ட்டில் அறிமுகமான த்ராஷர் இதழ்: சேலத்துக்காரர்களின் அனுபவங்கள்

செவ்வாய்ப்பேட்டை, ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்காரர்:

கல்லூரி மாணவர்கள் சிலர் பிரிவு உபசார விழாவுக்கு டி-ஷர்ட் அடிக்க வேண்டுமென்று வந்தபோது, மஞ்சளும் சிவப்புமாகத் தீ எரியும் எழுத்தில் 'த்ராஷர்' என்று அச்சிட்ட கறுப்புச் சட்டை ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவந்தார்கள். அது ராக் இசைக்குழு என்றார் ஒருவர். துணிக் கம்பெனி என்றார் இன்னொருவர். அது ஸ்கேட்போர்டு, அதாவது சக்கரம் பூட்டிய பலகையில் நின்று ஓட்டும் ஆட்டம், பற்றிய இதழ் என்பது எனக்கும் அன்றைக்குத் தெரியாது. எழுத்தை மட்டும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டேன். பிரான்சின் ரோஜர் எக்ஸ்கோஃபோன் 1951-இல் வடிவமைத்த பாங்கோ எழுத்து அது. தலை தடித்து, கால் குறுகி, சற்றே சாய்ந்து நிற்கும். அந்தக் கூர்மையான கால்தான் எங்கள் தொழிலில் தொல்லை: அச்சுத் திரையில் உருவைப் பதிக்க ஒளி காட்டும் நேரம் கொஞ்சம் கூடினாலும், மை இறங்கும் வலைத்துணியான மெஷ்ஷில் முனை அடைத்துக்கொள்ளும். மஞ்சளை இழுத்துக் காயவைத்துச் சிவப்பை ஏற்றும்போது ஃபிரேம் மயிரிழை நகர்ந்தாலும் தீக்கொழுந்தின் ஓரம் பிசகிவிடும். துறைப் பெயரைத் தமிழில் கேட்டார்கள். சுழியும் வளைவுமான நம் எழுத்துக்கு அந்தக் கால் ஒட்டாததால் கையால் வரைந்து கொடுத்தேன்.

பிறகு தேடிப் படித்தபோதுதான் கதை புரிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஃபௌஸ்டோ விட்டெல்லோவும் எரிக் ஸ்வென்சனும் 1978 முதல் 'இண்டிபெண்டன்ட்' என்ற பெயரில் டிரக், அதாவது பலகையின் அடியில் சக்கரத்தைத் தாங்கும் உலோக அச்சு, தயாரித்து விற்றுவந்தார்கள். காப்பீட்டுச் செலவு தாங்காமல் ஸ்கேட் பூங்காக்கள் மூடப்பட்டுவந்த காலம் அது. முன்னணியில் இருந்த 'ஸ்கேட்போர்டர்' இதழும் 1980-இல் 'ஆக்‌ஷன் நவ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு பிற விளையாட்டுகளுக்கும் இடம் கொடுக்கத் தொடங்கியதால், தங்கள் சரக்கைச் சொல்ல இடமில்லாத இவர்கள் 1981 ஜனவரியில் தாங்களே ஓர் இதழைத் தொடங்கினார்கள். முதல் ஆசிரியர் கெவின் தாட்சர். அந்த எழுத்தைத் தலைப்புக்குக் கொண்டுவந்தவரும் அவரே. விளம்பரத்துக்காகப் பிறந்த இதழ் என்று இதைக் குறைத்துச் சொல்வார்கள்; ஓர் அச்சுத் தொழிலாளியாக எனக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை.

ஏற்காடு, தங்கும் விடுதி நடத்துபவர்:

அச்சக நண்பர் எழுதியதோடு கொஞ்சம் முன்கதையையும் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் விடுதியில் தங்கிய வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் விட்டுச்சென்ற த்ராஷர் இதழ் ஒன்றை நான் புரட்டியிருக்கிறேன்; எது விளம்பரம், எது கட்டுரை என்று பிரித்தறியவே முடியாதபடி பக்கம் முழுக்கப் படங்கள். இந்த வகை இதழ்களில் முதலாவது, அலைச்சறுக்கு இதழான 'சர்ஃபர்' இதழின் ஜான் செவர்சன் 1964-இல் வெளியிட்ட 'தி குவார்ட்டர்லி ஸ்கேட்போர்டர்'. அடுத்த ஆண்டே அது நின்றுபோயிற்று. அன்றைய களிமண் சக்கரம் ஒரு சிறு கல்லில் பட்டாலும் நின்றுவிடும், ஓட்டுபவர் பறந்து விழுவார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைச் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகே ஆட்டம் மீண்டும் சூடுபிடித்தது. அந்த இதழும் 1975-இல், நண்பர் சொன்ன 'ஸ்கேட்போர்டர்' என்ற பெயரில் மீண்டும் வந்தது. த்ராஷரின் முரட்டுத்தனம் பிடிக்காதவர்கள் 1983-இல் 'டிரான்ஸ்வேர்ல்டு' இதழைத் தொடங்கினார்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. விடுமுறைக்கு வந்த பையன் ஒருவன் பலகையோடு எங்கள் மலைப்பாதைக்குப் புறப்பட்டான். இருபது கொண்டை ஊசி வளைவு, எதிரே பேருந்தும் லாரியும். நல்ல வேளையாக அவன் அப்பாவே தடுத்துவிட்டார். த்ராஷர் பெரிதும் காட்டுவது படிக்கட்டு, கைப்பிடி, நீர் வற்றிய நீச்சல் குளம் ஆகியவற்றில் செய்யும் வித்தைகளை; மலையிறக்கம் வேறு கலை, அதற்கு நீண்ட பலகையும் பெரிய மென்சக்கரமும் வேண்டும். கடைசியில் அவன் எங்கள் சிமெண்டு முற்றத்திலேயே பலகையை எகிறவைக்கப் பழகினான். என் பூந்தொட்டிகள்தான் பாடுபட்டன.

ஐந்து ரோடு, கல்லூரி மாணவர்:

நானும் அந்தச் சட்டையைப் பொருள் தெரியாமல் வாங்கியவன்தான், அண்ணா. 1993 முதல் 2019-இல் இறக்கும்வரை த்ராஷரின் ஆசிரியராக இருந்த ஜேக் ஃபெல்ப்ஸ், பலகையில் கால் வைக்காத பிரபலங்கள் அந்தச் சட்டையோடு திரிவதைப் பகிரங்கமாகவே ஏசியிருக்கிறார் என்று படித்தேன். அவர் சேலம் பக்கம் வந்திருந்தால், புதிய பேருந்து நிலையத்தைத் தாண்டுவதற்குள் வாய் வலித்திருக்கும்.