பயோஅவைலபிலிட்டி: ‘எட்டளவு’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

எடுத்த மருந்தில் எவ்வளவு உடற்குருதிக்கு வந்து சேர்கிறது என்பதுதான் பயோஅவைலபிலிட்டி. அதற்குத் தமிழில் ‘உயிர்க்கிடைப்பனவு’ என்று வைக்கலாம் என அண்ணை போன மடலில் எழுதியிருந்தார். இலக்கணத்தில் பிழை ஒன்றும் இல்லை. கிளிநொச்சியில் ஒரு சிறு கூட்டத்தில் அதைச் சொல்லிப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், “உயிர் கிடைக்குமோ, பிள்ளை?” என்று கேட்டார். பேச்சு பெருங்குடல் புற்றுநோயைப் பற்றியது. அப்புறம் அந்தச் சொல்லை என்னால் வாயெடுத்துச் சொல்ல முடியவில்லை.

நான் எழுதும் கையேடு, இந்த நோய்க்கு மருந்தாகலாமா என்று ஆராயப்படும் தாவரச் சேர்வைகளைப் பற்றியது. அதில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு பக்கமும் நகராது. ஆய்வுகூடக் கிண்ணத்தில் வளர்த்த புற்றுக்கலங்களை மஞ்சளில் உள்ள குர்குமின் கொல்கிறது, அது உண்மை. அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு மஞ்சளைக் கரைத்துக் குடிக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். விழுங்கியதிலும் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் குடல்வழியே வெளியே போய்விடும். உள்ளே புகுந்ததைக் குடற்சுவரும் ஈரலும் உருமாற்றிவிடும். 1998இல் வெளிவந்த ஆய்வில், 2 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் குருதியில் அது இருந்ததே தெரியாத அளவு குறைவு. மிளகின் காரப்பொருளான பைப்பரினில் 20 மில்லிகிராம் சேர்த்தபோது அது 2000 சதவீதம் கூடியது. ரசம் வைக்கிற எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான். என்றாலும் ஒன்றுமில்லாததற்குக் கிட்டிய ஒன்றைப் பல மடங்காக்கினாலும் அது கொஞ்சமாகத்தானே இருக்கும்?

இரணைமடுக் குளத்தில் துருசு (மதகு) திறந்தால், வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர் எவ்வளவு தண்ணீர் விட்டார்கள் என்று கேட்பதில்லை. “எங்கட வயலுக்கு எட்டினதோ?” என்றுதான் கேட்பார். விட்டது வேறு, எட்டியது வேறு. பயோஅவைலபிலிட்டி அளப்பது இந்த இரண்டாவதைத்தான். ஆகவே ‘எட்டளவு’ என்கிறேன்.

இந்த நோயைப் பொறுத்தவரை இந்தச் சொல்லுக்கு இன்னொரு வசதியும் உண்டு: எங்கே எட்டியது என்று கேட்க இடம் தருகிறது. 2005இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் 12 பெருங்குடல் புற்றுநோயாளருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் 7 நாள் குர்குமின் கொடுத்தார்கள். ஆகக் கூடியது நாளுக்கு 3.6 கிராம். குருதியில் வெறும் சுவடுதான். ஆனால் வெட்டியெடுத்த குடல் இழையத்தில் அளக்கக்கூடிய அளவு இருந்தது. குருதிக்கு எட்டாதது குடலுக்கு எட்டிவிட்டது! ‘குருதி எட்டளவு’, ‘குடல் எட்டளவு’ என்று பிரித்து எழுதினால் விஷயம் முடிந்தது. ‘உயிர்க்கிடைப்பனவு’ இந்த இடத்தில் விழிபிதுங்கும்.

எட்டியதெல்லாம் வேலை செய்யும் என்றில்லை. பரம்பரையாகக் குடலில் புற்றாக மாறக்கூடிய முளைகள் (பொலிப்) நிறைய வருகிறவர்கள் 44 பேரை வைத்து நடத்திய சோதனை 2018இல் வெளியானது. ஒரு வருடம் நாளுக்கு 3 கிராம் குர்குமின் எடுத்தவர்களுக்கும் வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மரமஞ்சளிலுள்ள பெர்பெரினும் குருதிக்கு அவ்வளவாக எட்டாது. ஆனாலும் 2020இல் வந்த சீன ஆய்வில், முளைகளை அகற்றியபின் அவை திரும்பி வந்தது பெர்பெரின் எடுத்தவர்களில் 36 சதவீதம், எடுக்காதவர்களில் 47 சதவீதம். இது முளை திரும்பாமல் தடுப்பது பற்றியது. வந்துவிட்ட புற்றுநோயைக் குணமாக்குவது பற்றியதல்ல. கையேட்டில் இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடப்போகிறேன்.

இதற்கு அண்ணை எழுதிய பதில்:

> தங்கச்சி, வயல் உவமை நல்லாயிருக்கு. ஆனால் ‘எட்டளவு’ என்றால் பிள்ளைகள் எட்டு மில்லிகிராமோ என்று கேட்கும். பிறகு, பாடப்புத்தகத்தில் ‘அகத்துறிஞ்சல்’ இருக்கிறதே, அது போதாதா?

அண்ணை, எட்டு என்ற இலக்கம் எனக்கும் இடித்தது. ‘எட்டுகை’ என்று மாற்றிப் பார்த்தேன். எட்டுக் கை வந்து நிற்கிறது, இன்னும் மோசம். முதல் தடவை ‘குருதியை எட்டும் அளவு’ என்று விரித்து எழுதி, அடுத்த வரியிலிருந்து சுருக்கினால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

அகத்துறிஞ்சல் போதாது. அது குடற்சுவரைத் தாண்டி உள்ளே போவது மட்டும். தாண்டிய பிறகு ஈரல் வழியில் நின்று மடையை மாற்றிவிடும். மிஞ்சி உடற்குருதிக்கு வருவதுதான் எட்டளவு. நாளத்தில் ஏற்றும் மருந்துக்கு அது 100 சதவீதம், வரைவிலக்கணமே அப்படித்தான். பெருங்குடல் புற்றுநோய்க்கு உண்மையிலேயே பயன்படும் தாவரவழி மருந்தான இரினோட்டேகனை அப்படித்தான் ஏற்றுகிறார்கள். சீனத்து மரமொன்றில் 1966இல் கண்டறிந்த காம்ப்டோதெசினை மாற்றிச் செய்தது அது. அமெரிக்காவில் 1996இல் அனுமதி கிடைத்தது. அதற்கு அகத்துறிஞ்சல் என்ற பேச்சே இல்லை, எட்டளவு உண்டு. இரண்டு சொல்லும் வேண்டும்.

வேறு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள். சனிக்கிழமை அதே கூட்டம், அதே அம்மா.