புதுக் கட்டடத்தில் ஆண், பெண், திருநர் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை கேட்டு மனு: உதவுங்கள்

வணக்கம். போன அமாவாசைக்கு அப்பாவைத் தேவிபட்டினம் கூட்டிப் போயிருந்தேன். பக்கவாதம் வந்தவர், நான் பிடித்தால்தான் நடப்பார். அங்கே கடலுக்குள் இருக்கும் நவபாஷாண நவக்கிரகக் கோயிலில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில், ஈர வேட்டியோடு ஒரு கழிப்பறை வாசலில் நின்றோம். ஆண்கள் பக்கம் நான் போக முடியாது, பெண்கள் பக்கம் அவர் வர முடியாது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் தெருவில் கருவாடு விற்கும் திருநங்கை அக்காவுக்கு இது தினமும்தான். வெளியே கிளம்பினால் தண்ணீரே குடிக்க மாட்டார்.

இப்போது ஊரில் புதிதாக ஒரு வணிக வளாகம் எழும்புகிறது. தரைத்தளத்தில், நல்ல தாழ்ப்பாளோடு, யாரும் போகக்கூடிய தனி அறை ஒன்றாவது வேண்டும் என்று மனு கொடுக்கப் போகிறோம். திருநர்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; 2020 திருநர் விதிகளில் இருபாலருக்கும் பொதுவான கழிப்பறை பற்றியும் இருக்கிறது. இப்படி மனு எழுதியவர்கள், வரைபடம் போடத் தெரிந்த பொறியாளர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பூச்சு வேலை தொடங்குவதற்குள் கொடுத்தாக வேண்டும்.