டைனோவில் மஸ்டாங்: ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை முழுசாக அணைப்பது எப்படி?

வண்டி 2017 மஸ்டாங் ஜிடி, 5.0 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக், பின்சக்கர இயக்கம். போன வாரம் கோயம்புத்தூரில் டைனோவில் (சக்கரத்தை உருளையில் ஓடவிட்டு பவரை அளக்கும் மெஷின்) ஏற்றினோம். பின்சக்கரம் மட்டும் உருளும் வகை. முன்சக்கரம் நிற்க, பின்சக்கரம் பறக்க, சறுக்கலைத் தடுக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் வண்டி சறுக்குகிறது என்று முடிவு கட்டி பவரைக் குறைத்துவிடுகிறது. அதன் வேலையை அது சரியாகத்தான் செய்கிறது, நமக்குத்தான் அளவு கிடைக்கவில்லை.

பட்டனை ஒரு தட்டு தட்டினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) மட்டும் அணைகிறது; சறுக்கும் கார் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. 5 வினாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு நிலையாக எரிகிறது, ஸ்டெபிலிட்டியும் அணைந்ததாகத் திரையில் வருகிறது. ஆனாலும் மூன்றாம் கியரில் 5,000 ஆர்பிஎம் தாண்டியதும் மூச்சு அடைத்த மாதிரி இறங்குகிறது. டிராக் மோடிலும் இதே கதை. ஸ்கேனரில் ஃபால்ட் கோடு (பிழைக் குறியீடு) எதுவும் இல்லை. டயர்கள் நான்கும் கம்பெனி அளவு.

சக்கர வேகத்தைப் பார்க்கும் ஏபிஎஸ் பிரேக் அமைப்பின் ஃப்யூஸைப் பிடுங்கச் சொல்கிறார்கள் சிலர். சக்கர வேகம் தெரியாமல் இன்ஜின் கம்ப்யூட்டரே பவரைக் கட்டிப்போட்டால் அப்புறம் வரும் பவர் அளவை எப்படி நம்புவது?

ஃப்யூஸைத் தொடாமல், இந்த மாடலை ஒற்றை அச்சு டைனோவில் முழு ஓட்டம் எடுத்தவர்கள் என்ன செய்தீர்கள்?