கினபாலு மலைவிடுதியில் குடும்பத்தோடு ஓர் இரவு: உச்சிக்குப் போகாமல் திரும்பலாமா?

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

வணக்கம். அடுத்த பள்ளி விடுமுறையில் குடும்பமாகச் சபாவுக்குச் சென்று கினபாலு மலையில் ஏற எண்ணியிருக்கிறோம். நானும் கணவரும், இரண்டாம் படிவம் படிக்கும் மகனும், ஆறாம் ஆண்டு படிக்கும் மகளும் போகிறோம். அறுபது வயதைக் கடந்த மாமியாரும் வர ஆசைப்படுகிறார். தைப்பூசம்தோறும் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் நின்று நின்றாவது ஏறிவிடுவார். ஆனால் குளிர் பழக்கமில்லாதவர், சுத்த சைவம். மலையின் மேற்பகுதியில், பானாலாபான் என்ற இடத்தில் உள்ள விடுதியில் தங்கி, நள்ளிரவு கடந்து இரண்டரை மணி அளவில் உச்சிக்குப் புறப்படுவதுதான் வழக்கமான ஏற்பாடு என்கிறார்கள். எங்கள் ஐவராலும் அது முடியும் என்று தோன்றவில்லை. விடுதிவரை மட்டும் ஏறி, தங்கி, விடிந்தபின் இறங்கினால் போதுமா? பினாங்கில் இருந்துகொண்டே எப்படிப் பயிற்சி எடுப்பது? அங்கே படுக்கையும் சாப்பாடும் எப்படி இருக்கும்? போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி (செந்தூல், கோலாலம்பூர்)

தாராளமாகச் செய்யுங்கள், சகோதரி. பெரியவரும் பிள்ளைகளும் சேர்ந்து போகும் பயணத்துக்கு விடுதியே தகுந்த இலக்கு என்பது என் உறுதியான கருத்து. நடை தொடங்கும் திம்போஹோன் நுழைவாயில் 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பானாலாபான் ஏறத்தாழ 3,270 மீட்டர். தூரம் ஆறு கிலோமீட்டர்தான் என்றாலும், அதற்குள் 1,400 மீட்டர் மேலே போகவேண்டும். உங்கள் பினாங்குக் கொடிமலையின் உயரமே 833 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். படிகளும் கோயில் படிகளைப் போல ஒரே சீராக இருக்கமாட்டா. மரச்சட்டம் பதித்த படி, வேர் குறுக்கிட்ட படி, உங்கள் மகளின் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் பாறைப் படி என்று மாறி மாறி வரும். ஏறத்தாழ ஒவ்வொரு கிலோமீட்டரிலும் பொண்டோக் எனப்படும், கூரை போட்ட ஓர் இளைப்பாறும் குடில் இருக்கிறது. கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. தொட்டியில் இருப்பது சுத்திகரிக்காத மலைத்தண்ணீர் என்பதால் மாமியாருக்குக் கொதிக்கவைத்த நீரையே கொண்டுபோங்கள். பாதையில் வரும் லாயாங்-லாயாங் என்ற இடத்தைக் கடந்ததும் மண் மஞ்சளாகி, மரங்கள் குட்டையாக முறுக்கிக்கொண்டு நிற்கும். பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடி அந்தப் பக்கத்தில் பாதையோரப் புதரில் இருக்கும். வழிகாட்டியைக் கேட்டால் பிள்ளைகளுக்குக் காட்டுவார்.

பயிற்சிக்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்குப் போகும் ஜீப் பாதையே போதும். ஆனால் மேலே போனதும் ரயிலில் இறங்கிவிடாதீர்கள். கினபாலுவில் தொடையையும் முழங்காலையும் வாட்டுவது இறக்கம்தான். அதற்குத்தான் கால்களைப் பழக்கவேண்டும். வழிகாட்டி இல்லாமல் அந்த மலையில் ஏற அனுமதி கிடையாது. வேகமாக நடக்கும் மகனும் நின்று நின்று வரும் மாமியாரும் ஒரே வழிகாட்டியோடு போனால் இருவருக்குமே சிரமம் என்பதால், இரண்டு வழிகாட்டிகள் வேண்டுமென்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

மறுமொழி (தாதி, பட்டர்வொர்த்)

படிகளைவிட உயரத்தைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். பானாலாபானில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. உயர நோய் போய்ச் சேர்ந்த உடனே வருவதில்லை என்பதைக் குடும்பத்தார் அனைவரும் தெரிந்துகொள்ளவேண்டும். பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் என்று தொடங்கும். மாலை மூன்று மணிக்குச் சிரித்துக்கொண்டு வந்து சேர்ந்த பிள்ளை, சரியாக உச்சிக்குக் கிளம்பும் வேளையில்தான் தலையைப் பிடித்துக்கொண்டு எழும். உடல் வலுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பந்து விளையாடும் பையனுக்கு வரலாம், பாட்டிக்கு வராமலும் போகலாம்.

ஆகவே யார் உச்சிக்குப் போவது என்பதை வீட்டில் முடிவு செய்யாதீர்கள். எழுந்தபின் ஒவ்வொருவரையும் கேட்டு முடிவு செய்யுங்கள். தலைவலியோடு குமட்டலும் இருந்தால் அதற்குமேல் ஓரடியும் ஏறக்கூடாது. படுத்திருந்தும் கூடிக்கொண்டே போனால் கீழே இறக்குவதே முதல் மருந்து. முந்தின இரவை 1,500 மீட்டருக்குச் சற்று மேலே, மலையடிவாரத்தில் இருக்கும் கினபாலு பூங்காத் தலைமையகத்தில் கழித்தால் உடல் ஓரளவு பழகும். கடலோர நகரமான கோத்தா கினபாலுவில் தூங்கி எழுந்து நேராக மலையேறுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மாமியார் இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுபவரானால், பணம் கட்டுமுன் மருத்துவரைப் பாருங்கள்.

மறுமொழி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

படுக்கை என்றால் அடுக்குக் கட்டிலும் போர்வையும். குளியலறை பொதுவானது, வெந்நீரை நம்பிப் போகவேண்டாம். இரவில் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். பிற்பகலில் மழை பிடித்துக்கொள்வது வழக்கம் என்பதால், ஆளுக்கு ஒரு முழு மாற்றுடையைக் காலுறையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். அதை விடுதிக்குப் போகும்வரை பிரிக்கக்கூடாது. இரவு ஒன்றரை மணிக்கே அறை முழுவதும் நெற்றிவிளக்கு வெளிச்சமும் பை ஜிப்பு இழுக்கும் சத்தமுமாக இருக்கும். மூன்று மணிக்குமேல் எல்லோரும் போய்விட, தங்குபவர்களுக்கு நிம்மதியான தூக்கம் கிடைக்கும். உச்சிக்குப் போனவர்கள் காலையில் திரும்பிவந்து பசியாறியதும் எல்லோரும் சேர்ந்தே இறங்கலாம்.

சாப்பாட்டில் சோறும் காய்கறியும் இருக்கும், ஆனால் சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். மேலே சமைக்கும் அரிசி முதல் அனைத்தும் சுமைதூக்குவோரின் முதுகில்தான் போகிறது. அங்கே போய்க் கேட்டால் இல்லாததை யாரும் கொண்டுவர முடியாது. ஊறுகாயும் பருப்புப்பொடியும் மாமியாரின் பையிலேயே இருக்கட்டும். சபாவில் குடிநுழைவுச் சோதனை உண்டு என்பதால் பிள்ளைகளின் அடையாள அட்டைகளையும் மறவாதீர்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. மாமியாரை இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். அவர் சரி என்றால் இரண்டு வழிகாட்டிகளோடு பதிவு செய்கிறோம். நானும் மகளும் மாமியாரும் விடுதியோடு நின்றுவிடுவோம். தானும் அப்பாவும் உச்சிக்குப் போகவேண்டும் என்கிறான் மகன். அதை அங்கே எழுந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.