மறு: மலேரியாக் கொசுக்களின் ஆய்வகக் காலனி, தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே,

> "கொசுக் கூட்டம்" என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, ஆனால் பொருள் பிசகிவிடும். நாம் பெயர் தேடுவது ஆய்வகக் கூண்டில் தலைமுறை தலைமுறையாகப் பேணி வரும் கொசுக்களுக்கு. அந்தி நேரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் இனத்தின் ஆண் கொசுக்கள் திரண்டு பறக்கும், பெண் கொசு அதற்குள் நுழைந்து இணைசேரும். கூட்டம் என்ற சொல் அந்தத் திரளுக்கே வேண்டும். ஆய்வகத்தில் பெரிய சிக்கலும் இந்த இணைசேர்தலில்தான்: வெளியில் பிடித்துவந்த பெண் கொசு பெரும்பாலும் ஏற்கெனவே இணைசேர்ந்திருக்கும், இரத்தம் கொடுத்தால் முட்டையிடும், புழுவும் கூட்டுப்புழுவும் வரும், எல்லாம் நன்றாகவே போகும், ஆனால் அதன் பிள்ளைகள் ஓரடிக் கூண்டுக்குள் இணைசேரவில்லை என்றால் அடுத்த முட்டை பொரிக்காது, அத்தோடு வம்சம் முடிந்தது. நம் நகரங்களில் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளரும் ஸ்டெபன்சி என்ற அனோபிலிஸ் வகை சின்னக் கூண்டிலேயே இணைசேர்ந்துவிடும், அதனால் பல நாட்டு ஆய்வகங்களில் நிலைத்திருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் டைரஸ் வகையில் பெண்ணை மயக்கி, தலை நீக்கிய ஆணை ஊசிமுனையில் பிடித்துக் கையாலேயே இணைசேர்க்கும் வழக்கம் உண்டு. பெரு நாட்டின் இக்கிட்டோஸில் டார்லிங்கி வகைக்கு விட்டுவிட்டு மின்னும் விளக்கைக் காட்டி இணைசேரப் பழக்கினார்கள்.

ஆக, சொல்லில் இந்த வழிவழித் தொடர்ச்சி தெரிய வேண்டும். 'வளர்ப்பு' போதாது, குட்டையில் அள்ளிய புழுவை இனம் கண்டறிய வளர்த்துப் பார்ப்பதும் வளர்ப்புதான். 'காலனி'யை அப்படியே எடுக்க எனக்கு மனமில்லை. சாதி இழிவு ஒட்டிய சொல் என்று அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-இல் தமிழ்நாட்டு முதலமைச்சரே அறிவித்தார், அதை நாம் ஏன் புதிதாக ஓர் அறிவியல் நூலுக்குள் கொண்டுவர வேண்டும்?

என் பரிந்துரை: கூண்டுக்குடி. குடி என்றால் ஒரு வழியில் வந்து ஓரிடத்தில் நிலைத்தவர்கள். வினைகளும் இயல்பாகவே வருகின்றன. தொடங்குவது குடியமர்த்தல். 27 டிகிரி வெப்பம், 70–80% ஈரப்பதம், 12 மணி ஒளி 12 மணி இருள், பஞ்சில் சர்க்கரைக் கரைசல், புழுவுக்கு அரைத்த மீன் தீனி, முட்டையிட வடிதாள் விரித்த கிண்ணம் என்று நாள் தவறாமல் பார்த்துக்கொள்வது குடிபேணல். அற்றுப்போனால் குடியறுதல். குடி என்றதும் மதுதான் நினைவுக்கு வரும் என்பீர்கள், கூண்டு முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

'மரபுவழி' என்று இன்னொருவர் சொன்னது வேறொன்றுக்குப் பொருந்தும். 1975-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் எடுத்த, காம்பியே என்ற அனோபிலிஸ் வகையின் ஜி3 என்பது ஒரே மரபுவழி, ஆனால் அதை வைத்திருக்கும் ஒவ்வோர் ஆய்வகத்திலும் இருப்பது தனித்தனிக் கூண்டுக்குடி. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அப்புறம் மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம்.

அடுத்து, பரந்த வெளி இருந்தால்தான் இணைசேரும் வகைக்கும் சிறு இடத்திலேயே சேரும் வகைக்கும் சொல் வேண்டும். அகல்வெளிச் சேர்க்கை, குறுவெளிச் சேர்க்கை என்று வைத்திருக்கிறேன். 'அகல்வெளி' கொஞ்சம் கவிதைபோல ஒலிக்கிறதோ என்று தோன்றுகிறது, இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்.